மாதாந்திர பைதான் மீட்டப்: எந்த டாக்குக்கு உட்காரலாம், எதற்கு டீ குடிக்கப் போகலாம்

தரமணிப் பக்கம் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் நடக்கும் பைதான் (நிரல் எழுதும் மொழி) மீட்டப் ஒன்றுக்குக் கொஞ்ச காலமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். குழுவின் பெயரைப் போடவில்லை. நடத்துகிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காமல் ஓடியாடும் ஆட்கள். நான் குறை சொல்லப்போவதை வைத்து யாரும் அவர்களிடம் போய் நிற்க வேண்டாம். சென்னையில் இது புது வழக்கமும் இல்லை. லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடிய காலத்திலிருந்தே இருக்கிறது. சென்னைபை என்ற பைதான் குழு கூடுவது நான்காம் சனிக்கிழமை. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும்கூட குழுக்கள் உண்டு. அதனால் இதில் பாதியாவது உங்கள் ஊர்க் கூட்டத்துக்கும் பொருந்தும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வீடு தாம்பரம். மருந்துக்கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதும் சிறிய கம்பெனியில் வேலை. பைதான், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மிச்ச நேரத்தில் பிரின்டர் ரிப்பேர். பெரிய கம்பெனியில் இருப்பவர்களுக்கு அடுத்த சீட்டில் எட்டிக் கேட்டால் கிடைக்கிற விஷயம் எனக்கு வெளியே போய்க் கேட்டால்தான் கிடைக்கும். எனவே ஒரு டாக், அதாவது மேடைப் பேச்சு, நல்லதா இல்லையா என்று நான் பார்க்கும் விதம் எளிது. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் அதை வைத்து எதையாவது மாற்றினேனா? மாற்றினால் நல்ல டாக். ஸ்லைடு அழகு, பேசுபவரின் கம்பெனி, மேடைப் பழக்கம் எதுவும் எனக்குக் கணக்கில் இல்லை.

இந்தக் கணக்குப்படி இதுவரை கேட்டதில் முதலிடம், தமிழ் எழுத்துகளைக் கணினி எப்படி எண்ணுகிறது என்று ஒரு பெண் பேசிய டாக்குக்கு. பதிப்பகம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவர். தலைப்பைப் பார்த்து, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடின் வரலாற்றைப் பாடமாக எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்லைடே திறக்கவில்லை. நேராகப் பைதான் ப்ராம்ப்டைத் திறந்து ‘மொழி’ என்று அடித்து நீளம் கேட்டார். 4 என்று வந்தது. நாம் படிப்பது இரண்டு எழுத்து. ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி என்று யூனிகோடு கணக்கில் நான்கு. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 12. அடுத்து அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பினார். தனியே நின்ற இகரக் குறிக்குப் புள்ளிவட்டம் முளைத்தது, மகரத்தின் கொம்பும் காலும் ழகரத்தோடு போய் ஒட்டிக்கொண்டன. அறையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்த இரண்டு ‘மொழி’களை ஒப்பிட்டார். ஃபால்ஸ், அதாவது இரண்டும் ஒன்றல்ல என்று வந்தது. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கிறது. மற்றொன்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக அடிக்கப்பட்டுச் சேர்ந்திருக்கின்றன. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது நிறைய வரும் என்றார். எங்கள் கடைகளில் ஒரே ‘கோமதி’ இரண்டு வாடிக்கையாளராகப் பதிவாகியிருக்கும் மர்மம் எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. மருந்து: சேமிக்கும் முன் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுவது. பைதானின் யூனிகோடுடேட்டா நூலகத்தில் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒரு வரி.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்ட கேள்விதான் இன்னும் நல்லது. “கௌரியில வர ஔகாரக் குறிக்குப் பதிலா சிலர் கொம்பு போட்டு ளகரத்தை அடிச்சிடறாங்களே, அதையும் என்எஃப்சி சரி பண்ணுமா?” பேச்சாளர் உடனே பதில் சொல்லாமல் திரையிலேயே சோதித்துக் காட்டினார். சரி பண்ணாது. ஔகாரக் குறியின் வலப்பாதிக்கு யூனிகோடில் தனி இடம் இருக்கிறது, ளகரம் வேறு எழுத்து. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. அதற்குத் தனியாக விதி எழுதித்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ஜாக்கிரதையாக. உண்மையான ளகரம் வருகிற சொல்லைக் கெடுத்துவிடக் கூடாது.

வரிசைப்படுத்தலுக்கு வந்தபோது இன்னொரு அடி. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் அரிச்சுவடியிலோ அது கடைசி மெய். அதனால் எண் வரிசையில் அடுக்கினால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்துவிடுவாள். அரிச்சுவடிப்படி கமலாதான் முதல். ளகரமும் அப்படியே, வகரத்துக்கு முன்னால் போய்விடும். போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான ஐசியு கொலேஷன் என்ற வரிசை விதியைப் போட்டால் தீர்ந்தது என்றார். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறதாம். இத்தனை ஆண்டாக எங்கள் கடைக்காரர்கள் “லிஸ்ட் ஏம்மா குழப்பமா வருது” என்று கேட்டுக்கொண்டிருந்ததற்கு இதுதான் விடை.

திங்கட்கிழமை மாற்றினேனா? மூன்று இடத்தில். பில்லில் பெயர் நீளமாக இருந்தால் இத்தனை எழுத்தோடு வெட்டு என்று எங்கள் மென்பொருளில் முன்பே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். ‘கார்த்திக்’ யூனிகோடு கணக்கில் பத்து. ஒன்பதில் வெட்டினால் கடைசிப் புள்ளி போய் ‘கார்த்திக’ என்று அச்சாகும். இப்போது ஓப்பன்-தமிழ் நூலகத்தை வைத்து முழு எழுத்துகளாகப் பிரித்த பிறகுதான் வெட்டுகிறோம். காசு கொடுத்துப் போன பயிற்சியில்கூட எனக்கு இவ்வளவு கிடைத்ததில்லை.

இரண்டாம் இடம் எடைமேடைக்காரருக்கு. நெடுஞ்சாலை ஓரத்து லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் போட்டுத் தரும் மனிதர். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர். மேடையேறியதும் “தமிழ்ல பேசலாங்களா?” என்று கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். தலைப்பு எஸ்கியூலைட், ஒரே கோப்பில் அடங்கும் சிறிய டேட்டாபேஸ். ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கியது, பைதானோடு 2.5 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது என்று ஒரு நிமிடம் சொல்லிவிட்டு, நேரே தன் தலைவலிக்கு வந்துவிட்டார்.

ஒரு மேடையில் இரண்டு கவுன்டர். ஒன்றில் எடை பதிவு, இன்னொன்றில் ரிப்போர்ட். அவசர நேரத்தில் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்ட்’, பூட்டியிருக்கிறது என்று பிழை வரும். டிரைவர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். புதுப் பதிவுகளை முதலில் தனிக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறைக்கு மாற்றினார். 2010இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து இருக்கும் வசதி. எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் படிக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் எழுதுவது ஒருவர்தான், அது எந்த முறையிலும் மாறாது. பிரச்சினை பாதி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. ஏன் என்று அவர் துருவிய கதைதான் டாக்கின் உயிர். பைதான் சாதாரணமாக ஐந்து விநாடி காத்திருந்து பார்க்கும். அவர் அதை முப்பதாக்கியும் பிழை உடனே வந்து விழுந்தது. காரணம், அவருடைய நிரல் முதலில் ஒரே தொகுப்பாக நடக்கும் ஒரு பரிவர்த்தனையைத் திறந்து படித்துவிட்டு, பிறகு அதற்குள்ளேயே எழுதப் போகிறது. நடுவில் வேறொருவர் எழுதிவிட்டால் நம் கையில் இருப்பது டேட்டாபேஸின் பழைய படம். எவ்வளவு காத்திருந்தாலும் அது புதிதாகாது என்பதால் எஸ்கியூலைட் காத்திருக்காமலே கையை விரித்துவிடுகிறது. எழுதப் போவது தெரிந்தால் ‘பிகின் இமீடியட்’ என்று முதலிலேயே எழுதும் உரிமையை வாங்கிக்கொள் என்பது தீர்வு. இதை வெறும் ஆவண வரியாகப் படித்திருந்தால் எனக்கு ஏறியிருக்காது. லாரி ஹாரனோடு சேர்த்துக் கேட்டதால் மறக்காது.

காப்புநகல் விஷயமும் அவர் சொன்னதுதான். மேடைக்காரர் தினமும் பென்டிரைவில் டேட்டாபேஸ் கோப்பை மட்டும் காப்பி செய்வாராம். வால் முறையில் கடைசிப் பதிவுகள் பக்கத்திலிருக்கும் இன்னொரு கோப்பில் இருக்கலாம். அதை விட்டுவிட்டுக் காப்பி எடுத்தால் அன்றைக்குச் சாயங்கால லாரிகள் காணாமல் போகும். பைதான் 3.7இலிருந்து இருக்கும் பேக்கப் வசதியையோ ‘வாக்யூம் இன்டு’ கட்டளையையோ பயன்படுத்தச் சொன்னார். “ஷேர் ஃபோல்டர்ல கோப்பைப் போட்டு நாலு மெஷின்ல இருந்து திறக்கலாமா” என்று ஒரு பையன் கேட்டான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “தம்பி, வால் முறைக்கு எல்லாரும் ஒரே மெஷின்ல இருக்கணும். நெட்வொர்க்ல வேணும்னா போஸ்ட்கிரெஸுக்குப் போயிடு, என்னை மாதிரி ராத்திரி ரெண்டு மணிக்கு போன் எடுக்காத.” அன்றைக்கு வாங்கிய கைதட்டல்களில் பெரியது அதுதான்.

இப்போது மறுபக்கம்.

அதே மாதம், நிரலின் ஒரு இழையை (தனியே ஓடும் வேலை வரிசை) மட்டும் ஒரு நேரத்தில் ஓடவிடும் பூட்டான ஜிஐஎல் இல்லாத பைதான் பற்றி ஒரு டாக். நல்ல தலைப்பு, நான் ஆசையோடு போனேன். 2024 அக்டோபரில் வந்த 3.13இல் சோதனை முயற்சியாக வந்தது, 2025 அக்டோபரில் 3.14இல் அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்தது, 703ஆம் எண் பெப் (பைதான் மாற்ற முன்மொழிவு), சாம் கிராஸ் எழுதியது. எல்லாம் சரியான தகவல். எல்லாம் ஆவணத்தில் இருக்கும் தகவலும்கூட. பேசியவர் ஒவ்வொரு ஸ்லைடையும் திரையைப் பார்த்து வாசித்தார். வாசிக்க எங்களுக்கும் தெரியும். கடைசியில் ஒருவர், “நீங்க ஓட்டிப் பாத்தீங்களா? உங்க வேலைல எவ்வளவு வேகம் கூடுச்சு?” என்று கேட்டார். “இன்னும் டிரை பண்ணல.” அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, ஒற்றை இழையில் ஓடும் நிரல் கொஞ்சம் மெதுவாகத்தான் ஆகும், இதற்குத் தயாராகாத, சி மொழியில் எழுதிய ஒரு நீட்சியை இம்போர்ட் செய்தால் ஜிஐஎல் தானாகவே திரும்ப வந்துவிடும், எச்சரிக்கை வரியை மட்டும் காட்டும் என்று இரண்டே நிமிடத்தில் சொன்னார். அவரை மேடையேற்றியிருக்கலாம்.

இது பேச்சாளரின் குற்றம் மட்டும் இல்லை. டாக்குக்கு ஆள் கிடைக்காத மாதம் யார் கை தூக்கினாலும் சரி என்று ஆகிவிடுகிறது. விண்ணப்பப் படிவத்தில் தலைப்பும் சுருக்கமும் கேட்கிறார்கள். “இதை நீங்கள் எங்கே பயன்படுத்தினீர்கள், என்ன உடைந்தது” என்று இன்னொரு கட்டம் சேர்த்தால் பாதி வடிகட்டிவிடலாம். எதுவும் உடையாதவர்கள் அடுத்த மாதம் வரட்டும்.

ஏஐ டாக்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இப்போதெல்லாம் மாதம் ஒன்று கட்டாயம். பெரும்பாலும் ஒரே சமையல்: பிடிஎஃப்களை நறுக்கு, வெக்டர் (எண் வரிசை) ஆக்கு, டேட்டாபேஸில் போடு, கேள்விக்குப் பக்கத்தில் வருவதை எடுத்து ஏஐ மாடலுக்குக் கொடு. டெமோ எப்போதும் கம்பெனியின் விடுப்புக் கொள்கை ஆவணத்தில்தான் ஓடும். ஒரு முறை வந்தவர் டாக்கின் பிற்பாதியை முழுக்கத் தன் கம்பெனிப் பொருளின் விலைப்பட்டியலுக்கே ஒதுக்கிவிட்டார். கடைசி ஸ்லைடில் ஆள் எடுக்கிறோம் என்று கியூஆர் கோடு. ஆள் எடுக்கட்டும், தப்பில்லை. அதை டீ இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம்.

விதிவிலக்காக ஒன்று நினைவில் நிற்கிறது. அரசாணைகளைத் தேடும் கருவி செய்ய முயன்ற இரு இளைஞர்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் பழைய பிடிஎஃப்கள் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் கிடக்கின்றன. திரையில் தமிழ், உள்ளே எடுத்துப் பார்த்தால் வாய்க்குள் நுழையாத லத்தீன் எழுத்துக் குவியல். அதை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் அது தைரியமாகப் பொய் சொல்லும். அவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி ஏஐயே இல்லை, எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடிப்பதுதான். முடியாதவற்றைப் படமாக்கி எழுத்துணரியில் ஓட்டினார்கள். மாடலுக்காக உரையைத் துண்டாக்கும் பழைய டோக்கனைசர்களில் ஒரு தமிழ் எழுத்தே பல துண்டாக உடைந்து செலவைக் கூட்டும், புதியவற்றில் இது குறைந்திருக்கிறது என்று ஒரே பத்தியை இரண்டிலும் ஓட்டிக் காட்டினார்கள். இந்த மாதிரி ஏஐ டாக் என்றால் மாதம் இரண்டு வைத்தாலும் வருவேன்.

கடைசி அரை மணி நேரம் லைட்னிங் டாக். ஆளுக்கு ஐந்து நிமிடம், மணி அடித்தால் இறங்க வேண்டும். என்னைக் கேட்டால் முழு மீட்டப்பையும் இப்படியே நடத்தலாம். கல்லூரி மாணவி ஒருத்தி, நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் தொலைந்ததாக நினைத்த கமிட்டை (சேமித்த ஒரு மாற்றம்) ரெஃப்லாக் என்ற குறிப்பேட்டை வைத்து மீட்டுக் காட்டினாள். எந்தக் கிளையிலும் ஒட்டாத கமிட்டின் பதிவைக்கூட கிட் சாதாரணமாக 30 நாள் வைத்திருக்கும் என்றாள். என் பக்கத்தில் இருந்தவர் லேப்டாப்பை அங்கேயே திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். இன்னொரு பையன் பைதானில் 2.5ஐ ரவுண்ட் செய்தால் 3 வராது, 2தான் வரும் என்று காட்டினான். சரிபாதியில் நின்றால் இரட்டை எண் பக்கம் சாயும். 2.675ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 2.67 வருவது வேறு காரணம். அந்த எண்ணை 0, 1 மட்டுமே உள்ள இருமத்தில் துல்லியமாக வைக்க முடியாது, உள்ளே இருப்பது ஒரு நூலளவு குறைவு. ஜிஎஸ்டி பில் போடுகிறவர்களுக்கு இது காசு விஷயம். டெசிமல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று முடித்தான். நாங்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறோம் என்றாலும், கல்லூரியில் இருக்கும்போதே ஒருவனுக்கு இது தெரிந்திருப்பது சந்தோஷமாக இருந்தது.

இடத்தைப் பற்றி: ஏதாவதொரு கம்பெனி தன் அரங்கத்தை இலவசமாகக் கொடுக்கிறது, அதனால் மாதத்துக்கு மாதம் கட்டடம் மாறலாம். வாசலில் லேப்டாப் சீரியல் நம்பர் எழுதிக்கொள்வார்கள், அடையாள அட்டை அவசியம். முன்பதிவில் பெயர் இல்லாவிட்டால் செக்யூரிட்டி அண்ணன் விடமாட்டார், அவரோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. அனுமதி இலவசம். மூன்று மணி என்று போட்டிருந்தால் மூன்றரைக்கு ஆரம்பம். ப்ரொஜெக்டர் இணைப்பு பாதி லேப்டாப்புக்குச் சேராது, டைப்-சி அடாப்டர் யாரிடம் இருக்கிறது என்ற ஏலம் ஒவ்வொரு முறையும் நடக்கும். பேச்சாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து உங்கள் மேஜையில் அழகாக இருக்கும், ப்ரொஜெக்டரில் ஒன்றும் தெரியாது. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள், பின்வரிசையிலும் ஆள் இருக்கிறோம்.

சமோசா உண்டு, டீ உண்டு. சமோசா ஆறித்தான் வரும். முதல் முறை வந்த ஒரு மாணவன் என்னிடம், “மேம், சர்டிஃபிகேட் குடுப்பாங்களா?” என்று கேட்டான். “சமோசா மட்டும்தான் தம்பி.” அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் எடைமேடைக்காரரிடம் டீ நேரத்தில் நிறையக் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றவனும் அவன்தான்.

பெண்கள் வரலாமா என்று ஆபீஸில் கேட்டார்கள். வரலாம். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை, மேடையிலும் பெண்கள் பேசுகிறார்கள். ஒரே சிக்கல் நேரம். ஆறு மணிக்கு முடிய வேண்டியது ஏழைத் தாண்டும், அதன் பிறகு பறக்கும் ரயில் பிடித்து, பூங்கா நிலையத்தில் மாறி, தாம்பரம் போய்ச் சேர்ந்தால் வீட்டில் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். நல்ல பேச்சாளரைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்தால் என்னைப் போன்றவர்கள் நிம்மதியாக எழுந்து போவோம்.

மொழி எப்படி என்று கேட்பவர்களுக்கு: அறிவிப்பும் ஸ்லைடும் ஆங்கிலம், பேச்சு கலவை, கேள்வி சூடு பிடித்தால் சுத்தத் தமிழ். வெளி மாநிலத்து ஆட்கள் சிலர் வருவார்கள், அப்போது நடத்துகிறவர் நடுவில் புகுந்து இரண்டு வரி மொழிபெயர்த்துவிடுவார். அலுப்பாக இல்லை.

காணொளிப் பதிவு பற்றித்தான் என் பெரிய மனத்தாங்கல். பேச்சாளர் காலரில் மைக் இருக்கிறது, கேட்பவர்களுக்கு இல்லை. கௌரி கேள்வி பதிவில் வெறும் முணுமுணுப்பு. பேச்சாளர் திடீரென்று “சரி பண்ணாது” என்கிறார், எதைச் சரி பண்ணாது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டாவது மைக் வாங்க முடியாவிட்டால், கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்று பேச்சாளரிடம் சொன்னாலே போதும். வீட்டிலிருந்து பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிட்டு நேரில் வாருங்கள்.

அடுத்த மாதம், தேடலை வேகமாக்கும் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ் பற்றி ஒருவர் பேசுகிறார். உங்களிடம் மெதுவாக ஓடும் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இருந்தால், எந்தப் படிக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் அதன் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் வெளியீட்டை, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருக்கிறார். அரங்கத்தில் வைத்தே பிரித்துப் பார்ப்பாராம். காலாவதியாகப் போகும் மருந்துகளின் ரிப்போர்ட் ஒன்று எங்களிடம் இருக்கிறது, கடைக்காரர் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். அதை அனுப்பிவிட்டேன்.